நொதியை நானோதுகளில் நிறுத்துவது: செயல்பாடு எங்கே தங்குகிறது, எங்கே தொலைகிறது

லிபேஸ் என்ற நொதியை நீரில் கரைத்து எண்ணெயோடு கலக்கினால் கொழுப்பை அது நன்றாகவே உடைக்கும். வேலை முடிந்த பிறகு அதே கலவையிலிருந்து நொதியைத் திரும்ப எடுப்பதுதான் நடக்காத காரியம். விலை கூடிய பொருள் ஒரே தடவையில் கழிவாகிப் போகிறது. விளைபொருளிலும் புரதம் கலந்து நிற்கிறது. கரையாத ஒரு திடப்பொருளில் நொதியைப் பிணைத்துவிட்டால் இரண்டு தொல்லையும் தீரும். இது பழைய யோசனை. மரக்கரியில் ஒட்டிய இன்வர்டேஸ் நொதி கரைசலில் இருந்ததைப் போலவே சர்க்கரையை உடைக்கிறது என்று நெல்சனும் கிரிஃபினும் 1916இல் காட்டினார்கள். ஜப்பானின் தனபே செய்யாகு நிறுவனத்தில் சிபாட்டா குழுவினர் 1969இல் அமினோஅசைலேஸ் நொதியை அயனிப் பிணைப்பால் செஃபடெக்ஸ் என்ற ஜெல் மணிகளில் நிறுத்தி, அமினோ அமிலங்களைத் தொழிற்சாலை அளவில் தயாரிக்கத் தொடங்கினார்கள். இன்று மக்காச்சோளப் பாகில் குளுக்கோஸை ஃபிரக்டோஸாக மாற்றும் ஐசோமரேஸும், பெனிசிலினிலிருந்து அரைச் செயற்கை மருந்துகளுக்கான மூலக்கூறை வெட்டியெடுக்கும் அசைலேஸும் திடப்பொருளில் நிறுத்திய நொதிகளாகவே வேலை செய்கின்றன.

கடந்த இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் மணிகளின் இடத்துக்கு நானோதுகள்கள் வந்தன. மேக்னடைட் (காந்தத் தன்மையுள்ள இரும்பு ஆக்சைடு), சிலிக்கா, கிராஃபீன் ஆக்சைடு, கார்பன் நானோகுழாய், உலோகக் கரிமச் சட்டகங்கள் என்று பட்டியல் நீளும். ‘நானோதுகளில் கட்டினால் நொதியின் செயல்பாடு காக்கப்படும்’ என்ற வாக்கியம் ஆய்வுச் சுருக்கங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. அதில் பாதிதான் உண்மை. சிறிய அளவு பரப்பைத் தருகிறது, அவ்வளவுதான். செயல்பாடு நிற்பதும் போவதும் நொதிக்கும் திடப்பரப்புக்கும் நடுவிலுள்ள ஓரிரு நானோமீட்டரில் முடிவாகிறது. அங்கே என்ன வேதிக்குழு இருக்கிறது, எத்தனை இடத்தில் பிடிக்கிறது, நொதியின் எந்த முகம் வெளியே பார்க்கிறது என்பவைதான் கேள்விகள். பரப்பை மாற்றியமைப்பது அதனால்தான் இந்த வேலையின் மையம்.

பரப்புக் கணக்கு

நொதியைத் தாங்கும் திடப்பொருளில், அதாவது தாங்கியில், எவ்வளவு நொதி ஏறும் என்பதைச் சோதனைக்கு முன்பே ஒரு துண்டுத்தாளில் கணக்கிட்டுவிடலாம். கோளத்துகளின் ஒரு கிராமுக்கான பரப்பு, 6ஐ அடர்த்தியாலும் விட்டத்தாலும் வகுத்தால் கிடைக்கும். மேக்னடைட்டின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 5.2 கிராம். விட்டம் 10 நானோமீட்டர் என்றால் ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 115 சதுர மீட்டர். கேண்டிடா ருகோசா லிபேஸின் எடை சுமார் 60,000 டால்டன். ஒரு மூலக்கூறு பரப்பில் ஏறத்தாழ 36 சதுர நானோமீட்டர் இடம் பிடிக்கும் என்று கொண்டால், ஒற்றை அடுக்குக்குச் சதுர மீட்டருக்கு 2.8 மில்லிகிராம் வரும். ஆக, ஒரு கிராம் துகளுக்கு 320 மில்லிகிராம்.

இது காகிதக் கணக்கு. உண்மையில் 10 நானோமீட்டர் துகள்கள் தனித்தனியாக நிற்பதில்லை. கொத்துக் கொத்தாகச் சேர்ந்துகொள்ளும். சிலிக்கா பூசியபின் கொத்தின் விட்டம் 60 நானோமீட்டர், சராசரி அடர்த்தி 3 என்று வைத்தால் பரப்பு கிராமுக்கு 33 சதுர மீட்டராகச் சுருங்குகிறது, கொள்ளளவு 90 மில்லிகிராமுக்கு இறங்குகிறது. இப்படிப்பட்ட தாங்கியில் கிராமுக்கு 300 மில்லிகிராம் ஏறியதாக ஓர் அளவீடு சொன்னால் முதலில் அந்த அளவீட்டைத்தான் சந்தேகிக்க வேண்டும். புரதம் தானே திரண்டு படிந்திருக்கலாம், குழாய்ச் சுவரில் ஒட்டியிருக்கலாம், புரத அளவீட்டில் ஏதாவது குறுக்கிட்டிருக்கலாம்.

சிறிய துகளின் இன்னொரு பலன், நொதி வெளிப்பரப்பிலேயே உட்காருவது. துளைகள் கொண்ட மணியில் வினைப்பொருள் துளைக்குள் ஊடுருவிப் போய்ச் சேர வேண்டும். வினை வேகமாக நடந்தால் உள்ளே இருக்கும் நொதிக்கு ஒன்றும் போய்ச் சேராது. வெளிப்பரப்பில் அந்தத் தடை இல்லை. துகள்கள் திரண்டுவிட்டால் இந்தப் பலன் போய்விடும். திரட்டின் இடுக்குகளும் துளைகள்தான்.

வளைவின் இரண்டு முகங்கள்

வெர்டெகல், சீகல், டார்டிக் மூவரும் 2004இல் வெளியிட்ட ஆய்வில் லைசோசைம் என்ற நொதியை 4, 20, 100 நானோமீட்டர் சிலிக்காத் துகள்களில் படியவிட்டு ஒப்பிட்டார்கள். துகள் பெரிதாகப் பெரிதாக நொதியின் சுருள் அமைப்பு குலைந்தது, செயல்பாடும் குறைந்தது. காரணம் எளிது. பெரிய துகளின் பரப்பு நொதிக்குச் சமதளம் மாதிரி. அதோடு உறவாடப் புரதம் விரிந்து படிகிறது. சிறு துகளின் வளைவில் தொடும் இடம் குறைவு, அதனால் புரதம் தன் வடிவத்தில் நிற்கிறது.

இங்கிருந்து ‘எவ்வளவு சிறிதோ அவ்வளவு நல்லது’ என்று முடிவுகட்டிவிடக் கூடாது. வெப்பத்தில் நொதி விரிந்து கெடாமல் இருக்கப் பல இடத்தில் பிணைப்பு வேண்டும். புரதச் சங்கிலியில் அமினோ குழுவை நீட்டி நிற்கும் அமினோ அமிலமான லைசின் ஐந்தாறு இடத்தில் கடினமான பரப்போடு குட்டையான பிணைப்பால் கட்டப்பட்டால், விரியத் தொடங்கும் புரதத்தை அந்தப் பிடிப்புகள் இழுத்துப் பிடிக்கும். வளைந்த சிறு துகளில் அத்தனை லைசின்களுக்குப் பரப்பு எட்டாது. எனவே சிறு துகள் தொடக்கச் செயல்பாட்டைக் காக்கும், நெடுநாள் உறுதியைக் குறைவாகத் தரும். பெரிய, தட்டையான பரப்பில் இது தலைகீழ். எது வேண்டும் என்று முதலிலேயே தீர்மானித்துத்தான் துகளின் அளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் முடியும் புரதச் செரிப்புக்கு, புரதத்தை வெட்டும் நொதியான டிரிப்சினைக் கட்டுகிறவருக்கும், 60 டிகிரியில் மாதக்கணக்கில் ஓடும் கலனுக்கு லிபேஸைக் கட்டுகிறவருக்கும் ஒரே தாங்கி பொருந்தாது.

பிணைக்கும்போது உள்ள பி.எச் அளவும் இதில் சேரும். லைசினின் அமினோ குழு பி.எச் 10ஐத் தாண்டித்தான் பெருமளவில் மின்சுமை இழந்து வினைபுரியத் தயாராகும். புரதச் சங்கிலியின் முனையிலுள்ள அமினோ குழுவோ 7-8லேயே தயார். பி.எச் 7இல் பிணைத்தால் பெரும்பாலும் அந்த முனை வழியாக ஒற்றைப் பிடிப்புத்தான் கிடைக்கும். பல இடத்தில் பிடிக்க வேண்டுமென்றால் ஒட்டியபின் பி.எச்சை உயர்த்திப் பல மணி நேரம் வைத்திருக்க வேண்டும். நொதி அந்தக் காரத்தைத் தாங்குமா என்பதைக் கரைந்த நிலையிலேயே முன்கூட்டிச் சோதித்துக்கொள்ள வேண்டும்.

ஒரு முழு வழிமுறை: மேக்னடைட், சிலிக்கா, அமீன், குளூட்டரால்டிஹைடு, லிபேஸ்

அதிகம் புழங்கும் பாதை இது: மேக்னடைட் துகளுக்குச் சிலிக்கா பூசி, அதன்மேல் அமீன் (அமினோ) குழுக்களை ஏற்றி, குளூட்டரால்டிஹைடு என்ற இணைப்பியால் லிபேஸைக் கட்டுவது. ஒவ்வொரு படியிலும் எது கெடும் என்று தெரிந்தால் மற்ற தாங்கிகளுக்கும் அது உதவும்.

துகள் தயாரிப்பில் இரும்பு(III) குளோரைடு ஹெக்சாஹைட்ரேட் 5.4 கிராமும் இரும்பு(II) குளோரைடு டெட்ராஹைட்ரேட் 2.0 கிராமும் எடுத்தால் 2க்கு 1 என்ற மோல் விகிதம் கிடைக்கும். அரைமணி நேரம் நைட்ரஜன் ஊதி ஆக்சிஜனை வெளியேற்றிய 100 மி.லி. நீரில் கரைத்து, 70 முதல் 80 டிகிரியில், வேகமாகக் கலக்கியபடி 25 சதவீத அமோனியா 25 மி.லி. சேர்க்க வேண்டும். கரைசல் உடனே கருப்பாகும். காந்தக் கலக்கிக் குச்சி இங்கே உதவாது. விளைபொருள் முழுவதும் அதிலேயே போய் ஒட்டிக்கொள்ளும். மேலிருந்து சுழலும் இயந்திரக் கலக்கி வேண்டும். நிறம் பழுப்பாகத் திரும்பினால் இரும்பு(II) காற்றில் ஆக்சிஜனேற்றம் அடைந்து மேகமைட் ஆகிறது என்று பொருள். அதற்கும் காந்தத் தன்மை உண்டு, ஆனால் தொகுதிக்குத் தொகுதி மாறும் முடிவுகள் பல இங்கிருந்தே தொடங்குகின்றன. சுமார் 2.3 கிராம் கிடைக்க வேண்டும். பி.எச் நடுநிலைக்கு வரும்வரை கழுவ வேண்டும். உலர்த்தவே கூடாது. ஒருமுறை உலர்ந்து இறுகிய கொத்தை, மீயொலியால் துகள்களைப் பிரிக்கும் சோனிகேட்டர் பழைய நிலைக்குக் கொண்டுவராது.

வெறும் மேக்னடைட்டில் நேரடியாகக் கட்டாமல் சிலிக்கா பூசுவதற்கு மூன்று காரணங்கள். அமிலத்தில் இரும்பு கசிவது குறையும்; துகள்கள் ஒன்றையொன்று காந்தத்தால் இழுத்துத் திரள்வது குறையும்; அடுத்த படியில் வரும் சிலேன் (பரப்பில் வேதிக்குழுவை ஏற்றும் சிலிக்கான் சேர்மம்) பிணைய உறுதியான தளம் கிடைக்கும். துகள் 200 மில்லிகிராமை, 160 மி.லி. எத்தனாலும் 40 மி.லி. நீரும் சேர்ந்த கலவையில் அரைமணி நேரம் சோனிகேட்டரில் பிரித்து, 25 சதவீத அமோனியா 3 மி.லி. விட்டு, டெட்ராஎத்தில் ஆர்த்தோசிலிக்கேட் 0.5 மி.லி.யைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, 6 முதல் 12 மணி நேரம் கலக்க வேண்டும். சிலிக்கேட்டை ஒரேயடியாகக் கொட்டினாலும், அளவைக் கூட்டினாலும், துகளின் மேல் படியாமல் தனிச் சிலிக்காக் கோளங்கள் உருவாகும். அதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம்: காந்தத்தால் துகளை ஒதுக்கியபின் மேலே நிற்கும் கரைசல் பால்போல் கலங்கியிருந்தால் அது தனிச் சிலிக்கா. தெளியும்வரை கழுவ வேண்டும்.

அடுத்தது அமினோபுரப்பைல் ட்ரைஎத்தாக்சிசிலேன். ஆய்வகங்களில் ‘ஏப்டெஸ்’ என்றே சொல்வார்கள். இந்த முழு வழிமுறையில் அதிகம் கெடும் படி இதுதான். பூசிய துகள் 500 மில்லிகிராமை உலர் டொலுவீன் 50 மி.லி.யில் பரப்பி, ஏப்டெஸ் 1 மி.லி. சேர்த்து, நைட்ரஜனில் 80 முதல் 110 டிகிரியில் 12 மணி நேரம் வைக்க வேண்டும். நீர் மிகுந்தால் சிலேன் தன்னோடு தானே சேர்ந்து பல அடுக்குப் பிசின்போல் படியும். பார்வைக்கு அமீன் அளவு கூடியது போலத் தெரியும். பிறகு நீர்ப் பஃபரில் (பி.எச்சை மாறாமல் வைக்கும் கரைசலில்) வைத்ததும் அந்த அடுக்கு நொதியையும் இழுத்துக்கொண்டு உரியும். நீரே இல்லாவிட்டாலும் பிணைப்பு முழுமையாகாது. பரப்பில் ஒட்டியிருக்கும் மெல்லிய ஈரம் போதும். ஏப்டெஸின் அமீன் முனை வளைந்து வந்து தன் சிலிக்கான்-ஆக்சிஜன் பிணைப்பையே நீராற்பகுக்கத் தூண்டும் என்பது இதன் உள்ளார்ந்த பலவீனம். எனவே வினைக்குப்பின் டொலுவீன், எத்தனால், நீர் என்ற வரிசையில் கழுவி, 110 டிகிரியில் ஒரு மணி நேரம் பதப்படுத்துவது வழக்கம். ஈரமாகவே வைத்திருந்த துகள் இந்த ஒரு படியில் உலரும். சிலிக்கா பூச்சு இருப்பதால் திரட்சி குறைவாக இருக்கும், இருந்தாலும் அடுத்து நன்றாகப் பிரித்தெடுக்க வேண்டும். பிறகு ஓரிரவு பஃபரில் ஊறவைத்து, உரியக்கூடியதை இப்போதே உரியவிட்டுக் கழுவுவது நல்லது. நொதியைக் கட்டிய பிறகு உரிவதைவிட இது எவ்வளவோ மேல்.

அமீன் உண்மையில் பரப்பில் இருக்கிறதா என்று அகச்சிவப்பு நிறமாலையில் தேடுவது வீண். சிலிக்காவின் பட்டைகள் அதை மூடிவிடும். நின்ஹைட்ரினோடு சூடாக்கி நீலத்தை அளப்பது நேரடியான வழி. பரப்பின் மின்னிலையும் சொல்லும்: பி.எச் 7இல் எதிர்மமாக இருந்த சிலிக்கா, அமீன் ஏறியதும் நேர்மத்துக்கு மாறும்.

குளூட்டரால்டிஹைடு படியில், அமீன் துகள் 100 மில்லிகிராமுக்கு, பி.எச் 7 பாஸ்பேட் பஃபரில் 2.5 சதவீதக் கரைசல் 10 மி.லி., அறை வெப்பத்தில் ஒன்றிரண்டு மணி நேரம். பழைய குளூட்டரால்டிஹைடு பாட்டிலில் பலபடிகள் மிகுந்திருக்கும். 235 நானோமீட்டரில் உறிஞ்சல் 280ஐவிட மிக உயர்ந்திருந்தால் அந்தப் பாட்டில் ஆகாது. கழுவல் நீரில் இந்த இரண்டு அலைநீளத்திலும் எதுவும் தெரியாத வரை கழுவ வேண்டும். மிச்சம் நின்ற ஆல்டிஹைடு, நொதியைக் கரைசலிலேயே ஒன்றோடொன்று கட்டித் திரளாக்கும். அந்தத் திரள் துகளோடு படிந்து ‘100 சதவீதப் பிணைப்பு’ என்று கணக்கில் ஏறும். செயல்பாடோ அடியில் கிடக்கும்.

நொதிக் கரைசலில் கவனம் வேண்டிய இடங்கள் இரண்டு. வணிக லிபேஸ் தூளில் புரதம் சிறு பங்கே. லாக்டோஸ் போன்ற நிரப்பிகளே மிகுதி. தூளின் எடையைப் புரதத்தின் எடையாகக் கொள்ளக் கூடாது. டயாலிசிஸ் செய்து (சவ்வு வழியாகச் சிறு மூலக்கூறுகளை வெளியேற்றி), புரதத்தை அளந்து, 10 மில்லிகிராம் புரதம் 10 மி.லி. பாஸ்பேட் பஃபரில் இருக்கும்படி தயாரிக்க வேண்டும். இரண்டாவது, டிரிஸ், கிளைசின், அம்மோனியம் சல்பேட் மூன்றும் எங்கும் இருக்கக் கூடாது. ஆல்டிஹைடை நொதிக்கு முன்பே அவற்றின் அமீன்கள் பிடித்துவிடும். வாங்கிய நொதி அம்மோனியம் சல்பேட் கலங்கலாக வந்திருந்தால் டயாலிசிஸ் இல்லாமல் எதுவும் நடக்காது. 4 டிகிரியில், மெதுவாக உருட்டும் சுழலியில், 4 முதல் 12 மணி நேரம்.

பஃபரின் உப்புச்செறிவு பற்றி வழிமுறைக் குறிப்புகள் பெரும்பாலும் பேசுவதில்லை, அது முக்கியம். கேண்டிடா ருகோசா லிபேஸின் மின்சமநிலை, அதாவது அதன் நிகரச் சுமை சுழியாகும் இடம், பி.எச் 5க்குக் கீழே. பி.எச் 7இல் அது எதிர்மச் சுமையோடு இருக்கும். பரப்பில் ஆல்டிஹைடுக்கு அடியில் அமீன்கள் நேர்மமாக இருக்கும். உப்பு குறைவான 10, 20 மில்லிமோலார் பஃபரில் நொதி முதலில் அயனி ஈர்ப்பால், அதிக எதிர்மச் சுமையுள்ள தன் முகத்தைக் காட்டி ஒட்டும். பிறகுதான் அந்த முகத்திலுள்ள லைசின்கள் ஆல்டிஹைடோடு பிணையும். உப்பைக் கூட்டினால் இந்த முதல் படி நடக்காது. வேறு முகம் திரும்பும், பிணைப்பு மெதுவாகும். ஒரே தாங்கி, ஒரே நொதி, உப்பு மட்டும் வேறு என்றால் செயல்பாடும் வேறு. எனவே முதல் சுற்றுச் சோதனைகளில் வெப்பத்தையும் நேரத்தையும் மாற்றிப் பார்ப்பதற்கு முன் உப்பை மாற்றிப் பார்ப்பது மேல்.

கடைசியில், மிஞ்சிய ஆல்டிஹைடுகளைக் கிளைசின் அல்லது எத்தனாலமீனால் மூட வேண்டும். அமீனும் ஆல்டிஹைடும் சேர்ந்த பிணைப்பு திரும்பப் பிரியக்கூடியது. பனிக்கட்டிக் குளியலில் சோடியம் போரோஹைட்ரைடு மி.லி.க்கு 1 மில்லிகிராம், 30 நிமிடம் வைத்தால் பிரியாத ஒற்றைப் பிணைப்பாகும். போரோஹைட்ரைடு, புரதத்தின் வடிவத்தைப் பிடித்திருக்கும் டைசல்பைடு பிணைப்புகளையும் தொடும், ஆகவே நொதிக்கு நொதி சோதிக்க வேண்டும். சயனோபோரோஹைட்ரைடு மென்மையானது, ஆனால் நச்சு. அதன்பின் 1 மோலார் உப்பாலும் 0.1 சதவீத ட்ரைட்டான் எக்ஸ்-100 என்ற சோப்புத்தன்மையுள்ள பொருளாலும் கழுவினால் சும்மா ஒட்டியிருந்த நொதி வெளியேறும். இந்தக் கழுவல் நீர்களையும் புரதக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

லிபேஸுக்கு மட்டும் உரிய ஒரு மாற்றுவழி

பெரும்பாலான லிபேஸ்களின் வினைமையத்தை ஒரு சிறு புரத மடல் மூடியிருக்கும். எண்ணெய்ப் பரப்பைத் தொட்டதும் அது திறக்கும். ஏப்டெஸுக்குப் பதில் ஆக்டைல் சிலேனால் துகளை எண்ணெய்த் தன்மை கொண்டதாக மாற்றினால், நொதி அந்தப் பரப்பையே எண்ணெய்த்துளியாக எடுத்துக்கொண்டு மடலைத் திறந்த நிலையில் போய் ஒட்டும். 5, 10 மில்லிமோலார் பஃபர் போதும், வேறு வேதிப்பொருள் வேண்டாம். கட்டுவதற்கு முன் இருந்ததைவிடக் கட்டியபின் செயல்பாடு கூடுவது இங்கே உண்மையாகவே நடக்கும். கேண்டிடா அன்டார்டிகாவின் பி-லிபேஸில் மடல் மிகச் சிறியது என்பதால் இந்தக் கூடுதல் அதில் எதிர்பார்க்க முடியாது. குறை என்னவென்றால், சோப்புத்தன்மையுள்ள பொருள்கள், கொழுப்பு அமிலங்கள், கரிமக் கரைப்பான்கள் நொதியைக் கழற்றிவிடும். ஒட்டியபின் குறைந்த அளவு குளூட்டரால்டிஹைடால் அண்டை மூலக்கூறுகளைக் கோத்துவிடுவது நடைமுறைச் சமரசம்.

மற்ற நொதிகளுக்கும் அவற்றுக்குரிய வழிகள் உண்டு. டிரிப்சின் தன்னைத்தானே வெட்டிக்கொள்ளும்; கட்டும்போது பென்சமிடினைச் சேர்த்தால் வினைமையம் மூடப்பட்டுக் காக்கப்படும், பிறகு கழுவி நீக்கிவிடலாம். கட்டி முடித்ததும் ஒரு மூலக்கூறு இன்னொன்றை எட்டாது என்பதால் தன்வெட்டு நிற்கிறது. டிரிப்சினில் கிடைக்கும் நிலைப்பின் பெரும்பங்கு இதுதான். ஹார்ஸ்ராடிஷ் பெராக்ஸிடேஸ், குளுக்கோஸ் ஆக்சிடேஸ் போன்ற சர்க்கரைக்கிளை கொண்ட நொதிகளில், அந்தச் சர்க்கரையைப் பெர்அயோடேட்டால் இருட்டில் ஆக்சிஜனேற்றி ஆல்டிஹைடாக்கினால், அமீன் பரப்போடு சர்க்கரை வழியாகவே கட்டலாம். புரதத்தைத் தொட வேண்டியதில்லை. ஹிஸ்டிடின் வால் சேர்த்து உருவாக்கிய நொதி என்றால் நிக்கல் ஏற்றிய பரப்பில் எல்லா மூலக்கூறும் ஒரே திசையில் நிற்கும், கலவையிலிருந்து தூய்மையாக்கலும் அதோடு முடிந்துவிடும். ஆனால் உலோக அயனியைப் பற்றியெடுக்கும் ஈடிடிஏ பட்டால் கழன்றுவிடும்.

கார்பாக்சில் பரப்புக்கு, அதை நொதியின் அமீனோடு பிணையத் தூண்டும் ஈடிசி, என்ஹெச்எஸ் என்ற வேதிப்பொருள் இணை வழக்கமானது. பி.எச் 5.5-6இல், எம்இஎஸ் பஃபரில் செயலூக்க வேண்டும். அசிடேட்டும் டிரிஸும் ஆகாது. உருவாகும் எஸ்டர் பி.எச் 7இல், பூஜ்ஜியம் டிகிரியில் சில மணி நேரம் நிற்கும், பி.எச் 8.6இல் சில நிமிடங்களே. எனவே கழுவலை நீட்டக் கூடாது. ஈடிசி பாட்டிலைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததும் திறந்தால் ஈரம் ஏறிப் பொருள் பாழாகும். அறை வெப்பத்துக்கு வந்தபின் திறக்க வேண்டும். துகள்கள் இந்தப் படியில் திடீரென்று திரண்டால், கார்பாக்சில்கள் எல்லாம் எஸ்டராகி மின்சுமை போய்விட்டது என்று பொருள். ஈடிசியைக் குறைப்பதே மருந்து.

அளவீடு: பெரும்பாலான பிழைகள் இங்கே

மூன்று எண்கள் வேண்டும், மூன்றும் வேறு வேறு. ஓர் எடுத்துக்காட்டு: 10 மில்லிகிராம் புரதம், 1,000 அலகு செயல்பாடு கொடுக்கப்படுகிறது. மேல்கரைசலிலும் கழுவல்களிலும் சேர்த்து 400 அலகு மிஞ்சுகிறது. அப்படியானால் 600 அலகு ஏறியிருக்க வேண்டும். பிணைப்பு விகிதம் 60 சதவீதம். தாங்கியை நேரடியாகச் சோதித்தால் 300 அலகுதான் வேலை செய்கிறது. அப்படியானால் செயல்திறன் 50 சதவீதம். தொடக்கத்தில் கொடுத்ததோடு ஒப்பிட்டால் மீட்பு 30 சதவீதம். ‘செயல்பாடு 90 சதவீதம் காக்கப்பட்டது’ என்று படிக்கும்போது இவற்றில் எதைச் சொல்கிறார்கள் என்று கேட்காமல் நகரக் கூடாது. பல இடங்களில் அந்த எண் புரதப் பிணைப்பு விகிதமாகவே இருக்கிறது. செயல்பாட்டைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

துகள் இல்லாத நொதிக் கரைசல் ஒன்று, அதே பஃபரில், அதே வெப்பத்தில், அதே நேரம் பக்கத்தில் இருந்தாக வேண்டும். மேல்கரைசலில் செயல்பாடு குறைவது தாங்கியில் ஏறியதால்தானா, தானே கெட்டதாலா என்று வேறு எப்படியும் பிரித்துச் சொல்ல முடியாது.

லிபேஸை அளக்க நைட்ரோஃபீனைல் பால்மிடேட் வழக்கம். வெளிவரும் நைட்ரோஃபீனாலின் மஞ்சளை 405 நானோமீட்டரில் பார்ப்பார்கள். இங்கே மூன்று பொறிகள். நைட்ரோஃபீனால் பி.எச் 7.15இல்தான் பாதி அயனியாகிறது, பி.எச் 7இல் 41 சதவீதமே மஞ்சள், பி.எச் 8இல் 88 சதவீதம். எனவே பி.எச் மாற்றிச் சோதிக்கும்போது ஒவ்வொரு பி.எச்சுக்கும் தனித் தரவரைகோடு வேண்டும். இல்லாவிட்டால் ‘நொதியின் உகந்த பி.எச் காரத்துக்கு நகர்ந்தது’ என்று சாயத்தின் குணத்தை நொதியின் மேல் ஏற்றிவிடுவோம். இரண்டாவது, துகள்கள் ஒளியைச் சிதறடிக்கும். காந்தத்தால் ஒதுக்கிவிட்டுத்தான் அளக்க வேண்டும். மூன்றாவது, நேர்ம அமீன் பரப்பு எதிர்ம நைட்ரோஃபீனாலைப் பிடித்துவைத்துக்கொள்ளும், செயல்பாடு குறைவாகத் தெரியும்.

பெராக்ஸிடேஸை மேக்னடைட்டில் கட்டுகிறவர்கள் தவறவிடவே கூடாதது ஒன்று. மேக்னடைட் துகளுக்கே பெராக்ஸிடேஸ் போன்ற செயல்பாடு உண்டென்று யான் சியூன் குழுவினர் 2007இல் காட்டினார்கள். நொதியே இல்லாத துகளும் ஹைட்ரஜன் பெராக்சைடோடு நிறம் தரும். நொதி கட்டாத துகளையும், கொதிக்கவைத்து நொதியைக் கொன்ற துகளையும் கூடவே ஓட்டிக் கழிக்காத அளவீட்டை நம்ப வழியில்லை. சாயத்தை ஆக்சிஜனேற்றி வெளுக்கவைக்கும் லாக்கேஸ் நொதியின் சாயநீக்கத்திலும் இதே கதைதான்: சாயம் வெறுமனே துகளில் ஒட்டினாலும் கரைசல் வெளுக்கும். துகளைக் கரைப்பானால் கழுவி, சாயம் திரும்ப வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

‘பத்துச் சுற்றுக்குப் பிறகும் 85 சதவீதம்’ என்ற வகைக் கூற்றுக்கும் ஒரு கேள்வி உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் வினையை முடியும்வரை ஓடவிட்டால், நொதி பாதி செத்திருந்தாலும் விளைச்சல் 100 சதவீதமாகவே வரும். தொடக்க வேகத்தை அளந்தால்தான் இழப்பு தெரியும். வேகம் குறைந்தாலும் காரணங்கள் மூன்றில் எது என்று பிரிக்க வேண்டும்: நொதி கெட்டதா, கசிந்ததா, கழுவும்போது துகளே போய்விட்டதா. கசிவைப் பார்க்க எளிய வழி, வினை நடுவில் இருக்கும்போது காந்தத்தால் துகளை முழுதாக எடுத்துவிட்டுக் கரைசலைக் கவனிப்பது. வினை தொடர்ந்தால் நொதி வெளியே இருக்கிறது.

வெப்ப உறுதிக்கும் ‘உகந்த வெப்பநிலை’ வரைபடம் சான்றாகாது. நொதியைக் குறித்த வெப்பத்தில் வினைப்பொருள் இல்லாமல் வைத்து, இடையிடையே எடுத்து அளந்து, அரையாயுளைக் கணக்கிட வேண்டும். ஊடுருவல் தடையுள்ள தாங்கியில் இதுவும் ஏமாற்றும்: உள்ளே சும்மா இருந்த நொதி வெளியே செத்ததன் வேலையை எடுத்துக்கொள்ளும்.

வேறு தாங்கிகள், சுருக்கமாக

1992இல் மொபில் நிறுவனத்தினர் அறிவித்த எம்சிஎம்-41 சிலிக்காவின் வழக்கமான துளைகள் பெரும்பாலான நொதிகளுக்குச் சிறியவை. 1998இல் சான்டா பார்பராவில் உருவான எஸ்பிஏ-15இன் 5 முதல் 30 நானோமீட்டர் துளைகளே பயன்படும். துளை, நொதியின் விட்டத்தைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல் இருக்கட்டும். கார்பன் நானோகுழாய்களைக் கந்தக, நைட்ரிக் அமிலக் கலவையில் வேகவைத்தால் கார்பாக்சில் கிடைக்கும், நேரம் நீண்டால் குழாய் துண்டாகும், மின்கடத்தலும் குறையும். உணரிக்காகச் செய்கிறவர்களுக்கு அதுதான் இழப்பு. துத்தநாகமும் மெத்தில் இமிடசோலும் சேர்ந்த சிஃப்-8 சட்டகத்தில் நொதியை அறை வெப்பத்தில் உள்ளே வைத்தே படிகமாக்கலாம், உறுதி அபாரம். ஆனால் அதன் வாயில் 0.34 நானோமீட்டர்தான், பெரிய வினைப்பொருள் நுழையாது. அமிலத்தில் கரையும், பாஸ்பேட் பஃபரிலும் மெல்ல அழியும். ஸ்டான்ஃபோர்டில் 2012இல் வெளிவந்த செம்பு பாஸ்பேட் நானோபூக்களில் புரதமும் உப்பும் சேர்ந்தே பூவாகின்றன. லாக்கேஸ் செயல்பாடு கரைசலில் இருந்ததைவிடப் பல மடங்கு கூடியது. லாக்கேஸ் செம்பு நொதி என்பதால், அந்தக் கூடுதலில் செம்பு அயனிக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துப் பார்ப்பது அவசியம்.

எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது

பெருந்தொழிலில் இன்னும் மணிகளின் ஆட்சிதான். நோவோசைம் 435 என்ற புகழ்பெற்ற லிபேஸ், மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவான அக்ரிலிக் மணிகளில் வெறும் ஒட்டலால் நிற்கிறது. காரணம் எளிய இயந்திரவியல்: மணியைச் சல்லடை நிறுத்தும், தூண் கலனில் அடைக்கலாம், அழுத்தம் ஏறாது. நானோதுகளைச் சாதாரண வடிகட்டி நிறுத்தாது. தூணில் அடைத்தால் திரவமே போகாது. நானோவுக்கு உரிய இடங்கள் வேறு: உணரிகள், ஆய்வகப் புரதச் செரிப்பு, நுண்குழாய்க் கலன்கள், மணிகளை அடைத்துவிடும் கலங்கல் திரவங்களிலிருந்து காந்தத்தால் நொதியை மீட்கும் வேலை.

சாயக்கழிவு நீர் அடிக்கடி முன்வைக்கப்படும் பயன்பாடு. திருப்பூர் போன்ற பின்னலாடை ஊரின் கழிவில் அது எளிதல்ல. பருத்தியில் ரியாக்டிவ் சாயம் ஏறச் சோடியம் குளோரைடோ சல்பேட்டோ பெருமளவில் கொட்டப்படுகிறது, கழிவு காரமாக வெளிவருகிறது. பூஞ்சை லாக்கேஸ்களில் பெரும்பாலானவற்றுக்கு உகந்தது அமிலப் பக்கம்; குளோரைடு அவற்றின் செம்பு மையத்தைத் தடுக்கும். தூய நீரில் ஒரே ஒரு சாயத்தைக் கரைத்து எடுத்த வெளுப்பு விகிதத்தை அந்தக் கழிவுக்கு மாற்றி எழுத முடியாது. உப்பும் காரமும் சேர்த்த நீரில் முதல் நாளே சோதிப்பது நேர்மையான தொடக்கம்.

வைத்திருப்பதிலும் வேறுபாடு உண்டு. தயாரான துகள்களைப் பஃபரில் 4 டிகிரியில் வைக்க வேண்டும். உறையவைத்தால் பனிப்படிகம் துகள்களை நெருக்கித் திரட்டும். உலர்த்தியே ஆக வேண்டுமானால் டிரெஹலோஸ் சேர்த்து உறைஉலர்த்தல் செய்யலாம். பூஞ்சை வராமல் சோடியம் அசைடு 0.02 சதவீதம் சேர்ப்பது வழக்கம். லிபேஸுக்கும் டிரிப்சினுக்கும் அது சரி. லாக்கேஸுக்கும் பெராக்ஸிடேஸுக்கும் கூடாது, செம்பையும் ஹீமையும் அசைடு நேராகப் போய்ப் பிடிக்கும். அவற்றை நுண்வடிகட்டிய பஃபரில், சிறு சிறு குப்பிகளாகப் பிரித்து, திறந்த குப்பியை அன்றே தீர்த்துவிட வேண்டும்.